ஐந்தாவது நிப்பல்

1. வெடித்தது என்ன?

வண்டியைத் தூக்கி வைத்திருந்த ஜேக்கை இறக்கிய மறு விநாடி ஜீப்பின் வயிற்றுக்குள் ஏதோ வெடித்தது. இரும்புத் துண்டு ஒன்று என் காதை உரசாத குறையாகப் பறந்துபோய் எண்ணெய்ப் பீப்பாயில் 'டங்' என்று மோதி விழுந்தது. பதினாறு வருட அனுபவமுள்ள ஒரு கராஜ்காரன் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் நானும் செய்தேன். தரையில் குப்புற விழுந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன்.

உள்ளறையிலிருந்து கராஜ் சொந்தக்காரர் ரஷீத் நானாவின் குரல் வந்தது. அவர் வாயில் 'இருக்கு' என்பது 'ஈக்கு', 'போயிட்டு' என்பது 'பெய்த்து'.

"மூர்த்தி, என்ன வெடிச்ச? கராஜ் ஈக்குதா, பெய்த்தா?"

"ஒண்ணுமில்ல நானா, ஸ்பெனர் விழுந்துருச்சு."

"ஸ்பெனரா? அப்ப நீ ஏன் தரையில ஈக்கிற?"

அவருக்கு ஜன்னல் வழியாக என் கால்கள் தெரிந்திருக்க வேண்டும். கண்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் பிலிமத்தலாவையில் என் முகத்தை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் குறைவு. வாகனத்துக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் என் கால்களை எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்தில் ஜீப்பின் ட்ரைவர் செபஸ்டியன் நின்றுகொண்டிருந்தான். அவன் விழவில்லை, ஓடவும் இல்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"அண்ணே, கியர்பொக்ஸா?" என்றான்.

"சேச்சே. கியர்பொக்ஸ் வெடிச்சா சத்தம் வேற மாதிரி வரும்" என்றேன். கியர்பொக்ஸ் வெடித்து நான் எங்கேயும் கேட்டதில்லை. பயம் வந்தால் எனக்குத் தெரியாத விஷயங்களை உறுதியாகச் சொல்லிவிடுவேன். இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

செபஸ்டியன் வெளுத்ததற்குக் காரணம் உண்டு. ஹந்தானை மலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி இருந்த ஒரு சின்ன விடுதியின் ஜீப் அது. தொழிலாளர் லயங்கள் முடியும் இடத்தோடு தார் முடிந்துவிடும். அதற்கு மேலே கல்லும் ஓடையும்தான். அடி தட்டாமல் இருக்க ஸ்பிரிங்கை மாற்றி ஜீப்பை உயர்த்தியிருந்தார்கள். உயர்த்தியதும் கியர்பொக்ஸிலிருந்து பின் அக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட் அதிகமாகச் சாய்ந்து, வண்டி காய்ச்சல்காரனைப் போல் நடுங்கத் தொடங்கியது. செபஸ்டியன் மூன்று மாதம் முதலாளியிடம் வாதாடி வேறொரு ஷாஃப்டை வரவழைத்தான். ஜீப்போடு பிறந்த சாமான் அல்ல அது. வெளியார் செய்தது. கியர்பொக்ஸ் பக்கம் ஒரு ஜோயிண்டுக்குப் பதிலாக இரண்டு ஜோயிண்ட் சேர்ந்தாற்போல் இருக்கும். நடுக்கம் நின்றது. ஆறு மாதம் கழித்து மலை ஏறும்போது மட்டும் குருவி மாதிரிக் கீச், கீச் என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது.

முதலாளி கண்டியில் இரும்புக் கடை வைத்திருப்பவர். அவர் சொன்னதைச் செபஸ்டியன் அன்று காலை எனக்கு அப்படியே நடித்துக் காட்டினான்.

"'வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நானே வந்து ஏறி உக்காருவேன். சத்தம் கேட்டுச்சின்னா பழைய ஷாஃப்டையும் போடுறேன், புது ட்ரைவரையும் போடுறேன்.' அப்பிடியே சொன்னாரு அண்ணே."

அன்றுதான் வெள்ளிக்கிழமை. வெடித்தபோது மணி ஒன்பதரை.

2. தின்றுகொண்டே இருந்த ஷாஃப்ட்

அதற்கு முன் நான் செய்த வேலையைச் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படித்தால் தரையில் விழ வேண்டியிருக்காது.

ஜோயிண்டுக்குள் கூட்டல் குறி மாதிரி ஓர் இரும்பு இருக்கும். அதைக் குரோஸ் என்போம். அதன் நான்கு நுனிக்கும் நான்கு தொப்பி, தொப்பிக்குள் ஊசி ஊசியாகப் பேரிங். கம்பனியிலிருந்து வரும் பல குரோஸ்களை மூடியே அனுப்புவார்கள். தேயும்வரை ஓடும், தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். வெளியார் செய்யும் குரோஸ்களில் பெரும்பாலும் கிரீஸ் அடிப்பதற்கு ஒரு சின்ன மூக்கு இருக்கும். அதுதான் நிப்பல். கிரீஸ் கன்னின் வாயை அதில் மாட்டி அழுத்த வேண்டும். நிப்பல் உள்ள ஜோயிண்ட் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் நேரத்துக்குச் சாப்பாடு போட வேண்டும்.

எங்கள் கராஜில் கிரீஸுக்கு ஒரே சட்டம். வெளியே வரும்வரை அடி. குரோஸுக்கு அது சரியான சட்டம். நான்கு தொப்பியிலிருந்தும் பழைய கறுப்பு கிரீஸ் போய்ப் புதியது எட்டிப் பார்த்தால் வேலை முடிந்தது. அன்று மூன்றாவது குரோஸில் மூன்று தொப்பி வழிந்தது, நான்காவது வாயைத் திறக்கவே இல்லை. நெம்புகோலால் ஷாஃப்டை எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அடித்தேன். செங்கல் தூள் மாதிரிச் சிவப்பாக ஏதோ வந்தது, பின்னாலேயே கிரீஸும் வந்தது. அப்படி ஒரு தொப்பியை ஏமாற்றிவிட்டால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த நிப்பலுக்குப் போனேன். ஷாஃப்ட் ஒரே துண்டு அல்ல. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சறுக்கும் இரண்டு துண்டு. வண்டிச் சில்லு பள்ளத்தில் இறங்கினால் நீளும், கல்லில் ஏறினால் சுருங்கும். சறுக்கும் இடத்துக்கும் ஒரு நிப்பல் உண்டு. வழக்கமாக அதற்கு நாலு அழுத்து அழுத்திவிட்டுப் போய்விடுவேன். அன்று சத்தத்தை ஒழித்தே தீருவது என்ற வெறி. சட்டப்படி வெளியே வரும்வரை அடித்தேன். வரவில்லை. இருபது, முப்பது, நாற்பது அழுத்து.

"என்னண்ணே, இவ்வளவு குடிக்குது?"

"ஆறு மாசப் பசி செபஸ்டி. குடிக்கட்டும் விடு."

ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்ப்பதற்காகச் வண்டியின் அடிச்சட்டமான சேசியில் ஜேக் கொடுத்திருந்தோம். பின் சில்லுகள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. ஷாஃப்ட் தன்னால் முடிந்த அளவு நீண்டு கிடந்தது. அந்த நீளம் முழுவதற்கும் நான் உள்ளே கிரீஸை நிரப்பினேன். பிறகு ஜேக்கை இறக்கினேன். வண்டியின் பாரம் வந்ததும் ஷாஃப்ட் சுருங்கப் பார்த்தது. உள்ளே இடமே இல்லை. அதனால் முனையில் இருந்த இரும்பு மூடி பறந்தது. சைக்கிள் பம்பின் வாயைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு அடித்துப் பாருங்கள், விஷயம் புரியும். எனக்கு அது மூடி பறந்த பிறகுதான் புரிந்தது.

பீப்பாய்க்கு அடியில் கிடந்த மூடியை எடுத்துத் துடைத்தபோது அதன்மேல் எனக்கு மரியாதை வந்தது. அது மட்டும் பிடிவாதமாக இருந்திருந்தால் அந்த உதை முழுவதும் கியர்பொக்ஸ் பேரிங்குக்குப் போயிருக்கும். அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்த பொய் எதுவும் இல்லை.

ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் இரண்டு துண்டும் சேரும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். மாறிப் பூட்டினால் நடுக்கம் திரும்ப வந்துவிடும். அந்த அளவுக்கு மூளை வேலை செய்தது. உள்ளே இருந்து ஒரு பால்மா டின் நிறையக் கிரீஸை வழித்தெடுத்தேன். மூடியைத் தட்டி உட்கார வைத்து, ஓரத்தில் நான்கு இடத்தில் பஞ்ச் உளியால் குத்தி இறுக்கினேன். ஷாஃப்டைப் பூட்டி, ஜீப் தன் நான்கு சில்லில் நிற்கும்போது மூன்றே மூன்று அழுத்து. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

3. குருவி எங்கே?

பதினொன்றரைக்குக் கடுகண்ணாவைக் கணவாய்க்குப் போனோம். இறங்கும்போது ஒரு சத்தமும் இல்லை. செபஸ்டியன் சிரித்தான், நானும் சிரித்தேன். அடியில் வண்டியைத் திருப்பி இரண்டாவது கியரில் ஏற்றினான்.

கீச். கீச். கீச்.

இரண்டு வளைவு தாண்டிய பிறகு செபஸ்டியன், "அண்ணே, கடுகண்ணாவைப் பக்கம் யாருக்காவது ட்ரைவர் வேணுமான்னு கேட்டுப் பாருங்க. இந்த ரோட்டு எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான்.

"வாயை மூடிக்கிட்டு ஓட்டு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். பயம் ஒரு பக்கம், ஆவல் ஒரு பக்கம். கிரீஸ் குடித்து வயிறு நிறைந்த ஷாஃப்ட் ஏன் அழ வேண்டும்? இறக்கத்தில் ஏன் இல்லை? சில்லு வேகமாகச் சுற்றினால் சத்தமும் வேகமாக வந்தது. க்ளட்ச்சை மிதித்தால் குறைந்தது. ஆக, சுற்றும் ஏதோ ஒன்று. பாரம் இழுக்கும்போது மட்டும் அழும் ஒன்று.

கராஜுக்குத் திரும்பியபோது ரஷீத் நானா ஜும்மாத் தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் பெய்த்தா?"

"பாதி போயிருச்சு நானா."

"பாதிச் சத்தத்துக்கு அந்த முதலாளி பாதி ட்ரைவரையா வெச்சிக்குவாரு?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

நான் ரப்பர் தண்ணீர்க் குழாயில் மூன்றடி வெட்டி எடுத்தேன். ஜீப்பின் தரையில் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றி, குழாயின் ஒரு முனையை அந்த ஓட்டை வழியாக இறக்கி, மறு முனையைக் காதில் வைத்தேன். கராஜுக்குப் பின்னால் இருந்த மண் ஏற்றத்தில் செபஸ்டியன் மெதுவாக ஏற்றினான். நான் பின்னால் படுத்துக்கொண்டு குழாயை இங்கும் அங்கும் நகர்த்தினேன். வீதியில் போன ஒரு பெண்மணி நின்று பார்த்துவிட்டு, "ஆளுக்கு என்ன வருத்தம்?" என்று செபஸ்டியனைக் கேட்டார்.

"காது குத்துதாம் அக்கா" என்றான் அவன்.

குழாய் கியர்பொக்ஸ் பக்கம் போனதும் கீச்சொலி என் மூளைக்குள் கேட்டது. இரட்டை ஜோயிண்டின் நடுவிலிருந்து வந்தது. இந்தப் பக்கக் குரோஸும் இல்லை, அந்தப் பக்கக் குரோஸும் இல்லை. இரண்டுக்கும் இடையில்.

மறுபடி ஜேக் வைத்து, டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினேன். முக்கால் சுற்றுவரை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் ஓர் இடத்தில், இரும்புக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி திறந்தது. அதற்குள் மிளகு அளவில் ஒரு நிப்பல்! மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் சாதி அல்ல. இரும்போடு இரும்பாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் சாதி. இரட்டை ஜோயிண்டை நேராகப் பிடித்திருக்கும் ஓர் உருண்டை உள்ளே இருக்கிறது, அதற்கான வழி அது. ஷாஃப்ட் வேறு எந்தப் பக்கம் நின்றாலும் அது கண்ணுக்கே தெரியாது.

"கண்டுபிடிச்சிட்டேன் செபஸ்டி! ஆறு மாசமா இதுக்கு ஒரு சொட்டு விழல!"

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் எனக்கே கேட்டது. அந்த ஆறு மாதத்தில் அந்த ஜீப் மூன்று தடவை சேர்விஸுக்கு வந்திருந்தது. மூன்று தடவையும் அடியில் கிடந்தது என் கால்கள்தான். டேஷ்போர்டுக்குள் இருந்த சேர்விஸ் அட்டையில் மூன்று வரி இருந்தது. 'எல்லா நிப்பல்களுக்கும் கிரீஸ் அடித்தாயிற்று. மூர்த்தி.' மூன்று கையெழுத்தும் மிக அழகாக இருந்தன.

செபஸ்டியனும் அட்டையைப் பார்த்தான், என்னையும் பார்த்தான். அதைத் திரும்ப உள்ளே வைத்து மூடினான்.

"முதல்ல கிரீஸ் அடிங்கண்ணே" என்றான்.

4. தலைகீழ் விளக்கு

கிரீஸ் கன்னின் வாய் அந்த இடைவெளிக்குள் போகவில்லை. கூரான வாய் உள்ள ஒன்று வேண்டும். அப்படி ஒன்று கராஜிலும் இல்லை, பக்கத்துச் சாமான் கடைகளிலும் இல்லை. கொழும்புக்குப் போய்வர நேரமும் இல்லை. மணி ஒன்று.

பிலிமத்தலாவையில் வீதியோரம் நடந்தால் பித்தளைக் கடைகள் கண்ணைப் பறிக்கும். அவற்றில் ஒன்றின் பின்கட்டில் பியசேன என்றொருவர் கடைசல் மெஷினில் விளக்கு செய்வார். வாடிக்கையாளரிடம் பேசிப் பேசியே தமிழ் பழகியவர். கன்னின் பழைய வாயைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த மரைக்குப் பொருந்த வேண்டும், நுனி பென்சில் மாதிரிக் கூராக வேண்டும், நடுவில் ஊசி ஓட்டை வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் நிதானமாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விளக்கு உச்சி மாதிரித்தானே? அது எனக்குத் தெரியும். ஆனா எண்ணெய் மேலே இருந்து கீழே வரும். உங்களுக்குக் கீழே இருந்து மேலே போகணும். இது என்ன சாமி?"

"ஜீப் சாமி. மூணு மணிக்குப் பூசை."

அவர் சிரித்துக்கொண்டே மெஷினைப் போட்டார். நாற்பது நிமிடத்தில் செய்து முடித்தார். பழக்கதோஷம், அடியில் இரண்டு வளையம் வைத்து அழகும் படுத்தியிருந்தார். கன்னில் பூட்டியபோது அது கோயிலிலிருந்து திருடி வந்தது போல் இருந்தது.

செபஸ்டியன் ஷாஃப்டை அசையாமல் பிடித்தான். நான் நுனியை அந்த மிளகின்மேல் வைத்து முழு உடம்பாலும் அமுக்கிக்கொண்டு அழுத்தினேன். முதல் இரண்டு அழுத்தும் என் சட்டைக்குப் போனது. மூன்றாவது உள்ளே போனது. காலையில் நாற்பது அடித்த கை இப்போது ஒவ்வொன்றுக்கும் நின்று பார்த்தது. ஏழாவது அழுத்தில் துரு நிறத்தில் ஏதோ பிதுங்கியது. எட்டாவதில் சுத்தமான கிரீஸ் ஒரு கோடாக வந்தது. நிறுத்தினேன்.

மண் ஏற்றத்தில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்தோம். குருவி இல்லை.

5. முன் சீட்டில் முதலாளி

சரியாக மூன்று மணிக்கு முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. "நீங்களும் ஏறுங்க" என்று என்னைப் பின்னால் ஏற்றினார். கண்டியைத் தாண்டி ஹந்தானை ஏற்றம் தொடங்கியதும் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிக் கேட்டார். தார் முடிந்து கல் வந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் தட்டிப் பொருத்திய மூடியை நினைத்துக் கண்ணை மூடினேன். மூடி தன் இடத்திலேயே இருந்தது. இன்ஜின் உறுமியது, கல் தெறித்தது. கீச்சொலி மட்டும் இல்லை.

விடுதி முற்றத்தில் செபஸ்டியன் ஜீப்பை நிறுத்தினான். முதலாளி இறங்கவில்லை. டேஷ்போர்டைத் திறந்து சேர்விஸ் அட்டையை எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மூணு தடவை எல்லாத்துக்கும் கிரீஸ் அடிச்சிருக்காங்க. அப்பறம் ஏன் கத்துச்சு? ஓடையில தண்ணிக்குள்ள நிறுத்தி வச்சு விளையாடினியா செபஸ்டி?"

செபஸ்டியன் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காரணத்தைச் சொன்னால் என் பெயர் வரும். அதனால்தான் பேசாமல் இருந்தான். இன்னும் ஒரு நிமிடம் நானும் அப்படியே இருந்திருந்தால் ஷாஃப்ட் தப்பியிருக்கும், நான் தப்பியிருப்பேன், அவன் போயிருப்பான்.

பின் சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தேன்.

"முதலாளி, அந்தக் கையெழுத்து என்னோடது."

"அதான் எழுதியிருக்கே."

"அந்த ஷாஃப்டுல அஞ்சு நிப்பல் இருக்கு. நான் அடிச்சது நாலுக்கு. அஞ்சாவது இருக்கிறதே இன்னைக்குத்தான் தெரியும். செபஸ்டி மேல ஒரு தப்பும் இல்ல."

"மூணு தடவையும் நாலா?"

"மூணு தடவையும் அதே நாலு. ஒருநாளும் மாத்தல." நிறுத்தத் தெரியாமல் தொடர்ந்தேன். "காலையில ஒரு மூடி வேற பறந்துருச்சு முதலாளி. நான்தான் கூட அடிச்சிட்டேன்..."

"அண்ணே, அத அவரு கேக்கல" என்றான் செபஸ்டியன் மெதுவாக.

முதலாளி பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கடையில் ஒரு வினோதமான ஆணியைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"எத்தனை இருக்குன்னு தெரியாம 'எல்லாம்'னு எப்படி எழுதுனீங்க?"

"எனக்குத் தெரிஞ்ச எல்லாம், முதலாளி."

அவர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. குடையால் செபஸ்டியனின் தோளில் தட்டினார். "ஷாஃப்ட் இருக்கட்டும். நீயும் இருடா. நாளைக்கு ஆளுங்க வர்றாங்க, ஏழு மணிக்கு டவுன்ல நில்லு."

செபஸ்டியன் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தான். அவன் கை பட்ட இடம் ஈரமாக இருந்தது.

இளம் கராஜ்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வெளியார் செய்த ஷாஃப்ட் வந்தால் கன்னைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் ஜேக் வைத்து ஷாஃப்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நிப்பலை எண்ணுங்கள். சறுக்கும் இடத்துக்கு மட்டும் வண்டி தன் சில்லில் நிற்கும்போது அடியுங்கள், அதுவும் கொஞ்சமாக. அட்டையில் 'எல்லாம்' என்று எழுதாதீர்கள். எண்ணிக்கையை எழுதுங்கள்.

நான் அன்றே திருந்திவிட்டேன் என்று நினைத்தேன். முதலாளியின் பேனாவை வாங்கி அட்டையில் 'பின் ஷாஃப்ட் 5' என்று எழுதினேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"முன் சில்லுக்குப் போற ஷாஃப்டுக்கு?"

"மூணு" என்றேன் உடனே.

"பார்த்துச் சொல்றீங்களா, ஞாபகத்துல சொல்றீங்களா?"

முற்றத்தில் மழை பெய்து ஓய்ந்த புல், புல் நிறைய ரத்தம் உறிஞ்சும் அட்டைகள். நான் இறங்கி, காற்சட்டையைச் சொக்ஸுக்குள் சொருகிக்கொண்டு, ஜீப்புக்கு அடியில் படுத்தேன். எண்ணினேன். வெளியே வந்து செபஸ்டியனை வண்டியை ஒரு முழம் உருட்டச் சொன்னேன். மறுபடி படுத்து எண்ணினேன். இன்னொரு முழம். இன்னொரு தடவை.

"மூணுதான் முதலாளி" என்றேன் அடியிலிருந்து.

"இப்ப எழுதுங்க" என்றார்.